பால்மரமும் பட்டறை இயந்திரமும்

உங்கள் வீட்டில் மர நாற்காலி இருந்தால் ஒருமுறை அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பலகை வெளிர்மஞ்சள் நிறமாய், குட்டையான துண்டுகள் இரு கை விரல்களைக் கோத்தாற்போல் ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டிருந்தால், அது அநேகமாக நம்முடைய பால்மரம்தான். நம் பாட்டன் நட்டது, நம் தாய் வெட்டியது. இன்று நாற்காலியாகி நம்மையே தாங்கிக்கொண்டு நிற்கிறது.

இந்த மரம் இப்படி வீட்டுக்குள் வரும் என்று அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவில்லை. 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை மறுநடவுக்காகச் சாய்ப்பார்கள். சாய்த்ததைக் குவித்துத் தீ வைப்பார்கள். கொஞ்சம் புகைவீட்டுக்கு விறகாகப் போகும், கொஞ்சம் செங்கல் சூளைக்குப் போகும். 1967இல் பிறையில் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலை பால்மரக் கரியைத் தன் உலைக்குப் பயன்படுத்தியது. இரும்பு உருகக் காரணமாயிருந்த மரத்தில் ஒரு முக்காலி செய்ய அப்போது ஆளில்லை. காரணம் இருந்தது. பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்டுச் சில நாள் சென்றால் நீலப்பூஞ்சணம் பிடிக்கும். பிறகு வண்டு துளைக்கும், மேசைக் காலிலிருந்து மாவு கொட்டும். அறுத்த பலகையைத் தாமதமில்லாமல் போரான் மருந்துக் கரைசலில் அழுத்தம் கொடுத்து ஊறவைத்து, சூட்டறையில் ஈரத்தைப் பத்து விழுக்காட்டுக்கு அருகே இறக்கிவிட்டால் இந்த நோய் தீரும். கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் நடந்த ஆய்வுகளும், துணிந்து பணம் போட்ட ஆலைக்காரர்களும் சேர்ந்து 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் இதைத் தொழிலாக்கினார்கள்.

அந்தத் தொழில் வேரூன்றிய ஊர்களில் முதன்மையானது நம் ஜொகூரின் மூவார். மலேசியா வெளிநாட்டுக்கு அனுப்பும் தளவாடங்களில் பாதிக்கும் மேல் மூவார் வட்டாரத்திலிருந்து போகிறது என்று தொழில்துறையினர் சொல்வார்கள். 2017இல் அறுத்த பால்மரப் பலகையை ஏற்றுமதி செய்ய அரசாங்கம் தடை விதித்ததும், இங்குள்ள ஆலைகளுக்கு மரம் போதாமல் போனதால்தான். எரித்துச் சாம்பலாக்கிய பொருளுக்கு இப்போது தட்டுப்பாடு! செம்பனை வந்து பால்மரத்தை ஓரங்கட்டியதும் அதற்கு ஒரு காரணம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் பலர் இன்று இந்த மரத்தை வைத்தே பிழைக்கிறார்கள். அவர்களில் ஒருவன் என் பழைய மாணவன். பெயர் வேண்டாம். மூவார்ப் பக்கம் ஒரு தளவாடத் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்துவிட்டு, சிறு கடையொன்றை வாடகைக்கு எடுத்து, வீடமைப்புப் பகுதிகளுக்குச் சமையலறை கேபினெட் செய்து கொடுக்கிறான். 2025ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தான்.

"சார், அம்மாவோட சேமநிதிப் பணத்துல மெஷின் வாங்கலாம்னு இருக்கேன். பேனல் சோ ஒண்ணு, பிளேனர் ஒண்ணு, ஓரம் ஒட்டுற மெஷின் ஒண்ணு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேட்கும்."

அந்த அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முப்பத்தோர் ஆண்டுகள் பால் வெட்டியவர். அவரிடம் பேசப் போனபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வாத்தியாரையா, இது நான் சேர்த்த பணம் இல்ல, சம்பளத்துல அவங்களே புடிச்சது. ஆனா வெட்டுனது என் கை. மெஷின் சோறு போடுமா, இல்ல சோத்தைத் திங்குமா? அத மட்டும் சொல்லுங்க."

எத்தனை வாத்தியார்களுக்கு இப்படி ஒரு கணக்கு வந்திருக்கும்! நான் தச்சனல்ல. இடைநிலைப் பள்ளியில் கெமாஹிரான் ஹீடுப் பாடத்தில் சாவி மாட்டும் பலகை ஒன்று செய்ததுதான் என் மரவேலை அனுபவம். ஆனாலும் கணக்கு கணக்குதானே. பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடு ஈவு கொடுத்தது. அங்கேயே பத்தாயிரம் வெள்ளி தூங்கினால் ஆண்டுக்கு 630 வெள்ளி வரும். இயந்திரம் அதைவிட அதிகம் சம்பாதிக்காவிட்டால் வாங்க வேண்டியதே இல்லை. பையன் அதுவரை வேறொரு தவ்கே கடையில் பலகையை அறுத்து வாங்கி வந்தான். ஒரு தாள் பலகைக்கு 6 வெள்ளி கூலி, மாதத்துக்கு 60 தாள். ஆக மாதம் 360, ஆண்டுக்கு 4,320 வெள்ளி. அதில் மின்சாரம், பிளேடு சாணை பிடிக்கும் செலவு, பழுது என்று ஆயிரத்துச் சொச்சத்தைக் கழித்தாலும் மூவாயிரத்துக்கு மேல் கையில் நிற்கும். அவன் பார்த்துவைத்த பழைய பேனல் சோவின் விலை 9,500 வெள்ளி. மூன்று ஆண்டில் விலை திரும்பும். பிளேனருக்கும் ஓரம் ஒட்டும் இயந்திரத்துக்கும் இதே கணக்கைப் போட்டோம். கேபினெட் வேலையில் பிளேனருக்கு மாதத்தில் நாலு நாள்கூட வேலையில்லை. ஓரம் ஒட்டுவதை வெளியே கொடுத்தால் ஆகும் செலவு இன்னும் சிறியது. "தவ்கே கடையில எல்லாம் இருக்கு சார்" என்றான். தவ்கேக்கு இருபது பேர் வேலை செய்கிறார்கள், உனக்கு நீயும் உன் மச்சானும்தானே என்றேன். முகம் சுருங்கினாலும் ஒத்துக்கொண்டான்.

ஆனால் அவன் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. தூசி. தச்சுப் பட்டறைத் தூசியை நாம் வெறும் அழுக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் மரத்தூசியை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. மூக்கும் மூக்கையொட்டிய எலும்புக் குழிகளும்தான் பாதிக்கப்படும் இடங்கள். தூசி உறிஞ்சும் இயந்திரம் இல்லாத பேனல் சோ, அடுப்பில்லாத சமையலறையைப் போல அரைகுறை. அதையும், மின்னிணைப்பு வேலையையும் சேர்த்ததும் செலவு பதினாலாயிரத்துக்குப் போனது. அக்கா பெருமூச்சு விட்டார். பையனோ, "சார் உதவுறதுக்கு வந்தாரா, செலவு இழுக்க வந்தாரா?" என்று முணுமுணுத்தது என் காதில் விழத்தான் செய்தது.

இந்த இயந்திரங்களின் வரலாறு பெரிது. இங்கிலாந்தில் சாமுவேல் பெந்தாம் என்பவர் 1790களில் மரவேலை இயந்திரங்களுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் கப்பல் பாய்களுக்கான கப்பிகளைச் செய்ய மார்க் புருனெல் திட்டமிட்டு, ஹென்றி மாட்ஸ்லே கட்டிய 45 இயந்திரங்கள் ஓடின. 110 கைத்தேர்ந்த தொழிலாளர் செய்த வேலையை 10 பேர் செய்தார்கள். 1808இல் மட்டும் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கப்பிகள்! மீதி நூறு பேர் என்ன ஆனார்கள் என்று கேட்கும் வழக்கம் நமக்கு உண்டு. அந்த வரலாற்றை எழுதியவர்களுக்கு அவ்வளவாக இல்லை. பலகையைத் தாங்கிய மேசையே நகர்ந்து ரம்பத்தைக் கடக்கும் பேனல் சோ பின்னர் வந்தது. பெர்லினில் வில்ஹெல்ம் ஆல்டென்டோர்ஃப் என்ற தச்சர் 1906இல் அமைத்தது. இன்று மூவாரில் ஓடுபவையெல்லாம் அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள்தான்.

இனி இயந்திரத்தைப் பார்க்கப் போன கதை. முதலில் ஓரிடத்தில் புத்தம் புதிதாய், தகட்டுக் கால்களில் நிற்கும் இலகுவான ரம்ப மேசையைக் காட்டினார்கள். விலை மூன்றில் ஒரு பங்கு. பையனுக்கே அது பிடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து 20 காசை எடுத்து, ஓடும் இயந்திரத்தின் மேசைமேல் விளிம்பில் நிறுத்தச் சொன்னான். நின்ற மாத்திரத்தில் விழுந்தது. மறுமுறையும் விழுந்தது. பிறகு அவன் பார்த்துவைத்திருந்த பழைய தைவான் இயந்திரத்திடம் போனோம். எண்ணூறு கிலோ எடை, வார்ப்பிரும்பு உடம்பு. ரம்பம் முழு வேகத்தில் சுற்றும்போதும் அந்த 20 காசு சாமி முன் நிற்கும் பூசாரி மாதிரி அசையாமல் நின்றது. எடையில் அவ்வளவு சூட்சுமம். எடை அதிர்வை விழுங்கும், அதிர்வு இல்லாத ரம்பம் நேராக வெட்டும், பலகை ஓரம் பிசிறாது. நாள் முழுக்க அறுக்கும் பட்டறைக்கும், ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கும் வாங்கும் இயந்திரத்துக்கும் வித்தியாசம் இதுதான்.

இன்னொரு சோதனையும் செய்தான். நான் ரசித்தது இதைத்தான். அகலமான பலகை ஒன்றைக் குறுக்கே இரண்டாக வெட்டினான். ஒரு துண்டை அப்படியே வைத்து, மற்றதைத் தலைகீழாகப் புரட்டி, வெட்டிய ஓரங்களைச் சேர்த்து, பின் ஓரத்தை நேர்க்கம்பு ஒன்றில் ஒட்டிவைத்தான். வெட்டு செங்கோணமாக இருந்தால் இடைவெளியே இராது. கோணம் பிசகியிருந்தால் பிழை இரட்டிப்பாகக் கண்ணில் தெரியும். ஐந்தாம் ஆண்டுக் கணக்குப் பாடத்தில் செங்கோணத்தை விளக்க இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. முடியளவு வெளிச்சம் தெரிந்தது. வேலியைத் திருத்தி மறுபடி வெட்டினான். வெளிச்சம் மறைந்தது.

எல்லாம் சரி. ஆனால் ரம்பத்தின்மேல் இருக்க வேண்டிய காப்பு மூடி எங்கே? அதன் பின்னால் நிற்க வேண்டிய பிளவுக் கத்தி எங்கே? விற்பவர் சிரித்தார். "அதெல்லாம் வேலைக்கு இடைஞ்சல், யாரும் மாட்டுறதில்ல" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும், தாய்மார்களே. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரம்பம் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, சுற்று எண்ணிக்கையாலும் பெருக்கினால், ரம்பத்தின் பல் ஒன்று மணிக்கு ஏறக்குறைய 226 கிலோமீட்டர் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் காருக்கு அனுமதித்த வேகம் 110. கையை இழுத்துக்கொள்ள நேரமில்லை. அதைவிட மோசமானது பலகை திரும்பி அடிப்பது. அறுபட்ட பலகை ரம்பத்தின் பின்பக்கம் இறுகிவிட்டால், அங்கே பற்கள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும். அவை பலகையைத் தூக்கி நிற்பவன்மீது எறியும். அந்த இறுக்கம் ஏற்படாமல் வெட்டு வாயைத் திறந்துவைக்கத்தான் பிளவுக் கத்தி. ஒரு சிறு இரும்புத் துண்டு. அது இல்லையென்று சிரிக்கிறார் அவர்.

என்னிடம் படித்த இன்னொரு பையன் வேறொரு தொழிற்சாலையில் இரண்டு விரல்களை இழந்தான். அச்சுக் குடையும் இயந்திரம் அது. காப்பைக் கழற்றிவைத்தால் மணிக்கு நாலு துண்டு கூடுதலாக வரும் என்று அவனை யாரோ பழக்கியிருந்தார்கள். அவனுக்குச் சொக்சோ பணம் கிடைத்தது. விரலுக்கு விலை போட்ட அந்தக் கடிதத்தை அவன் தாய் என்னிடம் கொண்டுவந்து மொழிபெயர்க்கச் சொன்னார். இரண்டு பக்கம். அதை எழுதிக்கொடுத்த அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999இல் ஒரு வழி கண்டார். ரம்பத்தில் மெல்லிய மின்குறிப்பை ஓடவிட்டு, தோல் பட்டதும் குறிப்பு மாறுவதை உணர்ந்து, ஓர் அலுமினியக் கட்டையை ரம்பத்துக்குள் பாய்ச்சி, ஒரு வினாடியின் இருநூறில் ஒரு பங்குக்குள் நிறுத்திவிடுவது. விரலுக்குப் பதில் தொத்திறைச்சித் துண்டை வைத்துக் காட்டினார். சாஸ்டாப் என்ற பெயரில் 2004இல் அந்த இயந்திரம் சந்தைக்கு வந்தது. நம் சிறு பட்டறைகளுக்கு அந்த விலை எட்டாது. ஆனால் காப்பு மூடிக்கும் பிளவுக் கத்திக்கும், பலகையைத் தள்ளும் ஒரு தள்ளுகட்டைக்கும் ஆகும் செலவு எட்டாததல்ல.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு செய்தி. கையைக் காப்பாற்றத்தானே கையுறை என்று நினைத்துப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சுற்றும் ரம்பத்துக்கு முன் கையுறை போடவே கூடாது. நூல் மாட்டினால் கையை உள்ளே இழுத்துவிடும். நீளக் கை சட்டை, கழுத்துச் சங்கிலி, கோயிலில் கட்டிவிட்ட மணிக்கட்டுக் கயிறு எல்லாம் அப்படியே. கயிற்றைக் கழற்றினால் சாமி கோபிக்காது. வேண்டுமானால் இயந்திரத்தின் சுவிட்சுப் பெட்டியில் கட்டட்டும். காதுக்குக் கவசம் வேண்டும். 2019இல் வந்த இரைச்சல் விதிமுறைகள் எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. இழைப்பு இயந்திரங்கள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

அக்காவும் எங்களோடு வந்திருந்தார். விற்பவரிடம் அவர் நேராகக் கேட்டார்: "மூடி எங்க தம்பி? அது வந்தா பணம் வரும்." மலாயும் தமிழும் கலந்த பேச்சு. அரை மணி நேரம் கழித்துப் பின்கொட்டகையில் பழைய பெல்ட்டுகளுக்கும் டின்களுக்கும் நடுவிலிருந்து காப்பு மூடியும் பிளவுக் கத்தியும் வந்து சேர்ந்தன. தூக்கியெறிந்திருக்கவில்லை, ஒதுக்கித்தான் வைத்திருந்தார்கள். தூசி படிந்திருந்ததே தவிர வளையவில்லை. அங்கேயே மாட்டி ஓட்டிப் பார்த்தோம். மின்சாரம் நின்று மறுபடி வந்தால் ரம்பம் தானாகச் சுற்றத் தொடங்குகிறதா என்றும் சோதித்தோம். தொடங்கவில்லை. நல்லது. கையை ரம்பத்தினருகே வைத்துக்கொண்டு மின்சாரத்துக்குக் காத்திருப்பவன் எவனும் உண்டா என்று கேட்காதீர்கள், உண்டு.

அந்த இடத்தை ஒட்டி ஒரு மர அறுப்பாலை. முற்றத்தில் ஆறடிக்கு வெட்டிய பால்மரக் கட்டைகள் அடுக்கியிருந்தன. லாரி வரும்வரை அக்கா அங்கே போய்விட்டார். ஒரு கட்டையின் பட்டையில் வெட்டுத்தடம் சாய்வாக ஓடியிருந்தது. அதன்மேல் விரலை வைத்து, "பாருங்க, மரத்தைக் காயப்படுத்தியிருக்கான். கத்தி ஆழமாப் போயிருக்கு. யாரோ கைப்பழக்கம் இல்லாதவன் நிறை" என்றார். அடுத்த கட்டையைத் தொட்டு, "இது நல்ல கை" என்றார். எத்தனை ஆண்டுக்கு முன் எந்தத் தோட்டத்தில் வெட்டிய கையோ! அந்தக் கட்டை அன்று மாலைக்குள் பலகையாகியிருக்கும்.

பணத்துக்கு வருவோம். அக்கா தன் சேமநிதியிலிருந்து பாதியை மட்டும் கொடுத்தார். மீதிக்குத் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடன் திட்டத்துக்கு விண்ணப்பித்தான். இந்தியச் சமூகச் சிறுதொழிலருக்கென்றே உள்ள திட்டம். தொழில் பதிவு, வங்கிக் கணக்கு விவரங்கள், வாங்கப்போகும் இயந்திரத்தின் விலைப்பட்டியல் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தால் காகித வேலை பாதி முடிந்தது. அவன் வைத்திருக்கவில்லை. இரண்டு ஞாயிறு அதற்கே போயிற்று. கையோடு சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்பிலும் பதிந்துகொள்ளச் சொன்னேன். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. முதலாளியும் தானே, தொழிலாளியும் தானே என்று இருப்பவனுக்கு விரல் போனால் யார் கொடுப்பார்?

மின்சாரத்துக்கும் அலைய வேண்டியிருந்தது. அந்த வாடகைக் கடையில் வீட்டு மின்சாரம் மட்டும்தான். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் அதில் ஓடினால் இருபது ஆம்பியருக்கு மேல் இழுக்கும், தொடங்கும் நொடியில் பல மடங்கு இழுக்கும். மூன்று கட்ட மின்சாரத்துக்குப் பதிவு பெற்ற மின் குத்தகையாளர் மூலம் விண்ணப்பித்து, ஏறக்குறைய ஒரு மாதம் அந்த எண்ணூறு கிலோ இயந்திரம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. இயந்திரம் வாங்குமுன் சுவரைப் பாருங்கள், எந்த மின்சாரம் வருகிறது என்று கேளுங்கள் என்பதை யாரும் எந்த விளம்பரத்திலும் சொல்வதில்லை.

படிப்பை முடித்து நிற்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கிறார்கள், இதைக் கற்க இடம் உண்டா என்று. உண்டு. மலேசிய மரத்தொழில் வாரியத்தின் கீழ் பந்திங்கில் மரத்தொழில் திறன் பயிற்சி நிலையம் இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழ் தரும் பயிற்சிக்கூடங்களும் உள்ளன. தொழிற்சாலையில் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து ஒன்பது ஆண்டில் கற்றதை ஒழுங்காக, காப்பு மூடியோடு, அங்கே கற்கலாம். ஆசாரி வேலை என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் நம்மில் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு கேபினெட் செய்ய என்ன விலை கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வந்து பேசட்டும்.

பையன் இப்போது தன் கடையிலேயே அறுக்கிறான். தவ்கே ஒருவர் அவனிடம் அறுத்து வாங்கவும் ஆள் அனுப்பினாராம். கடன் தவணை தவறாமல் போகிறது. கடைக்குப் போகும்போதெல்லாம் அக்கா முதலில் பார்ப்பது காப்பு மூடி மாட்டியிருக்கிறதா என்றுதான், பிறகுதான் பேரனைத் தூக்குகிறார். சென்ற வாரம் பையன் மெதுவாகப் பிளேனர் பேச்சை மறுபடி எடுத்தான். அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி எனக்கு ஆள் விட்டிருக்கிறார்.